காப்பு கட்டியவள் எல்லை தாண்டலாமா?

1

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குச் சங்கு ஊதியது. நேரம் மறக்காமல் இருக்கக் காரணம், அப்போதுதான் ராட்டர்டாமில் இருக்கும் என் கணவருக்கு, அந்த வாரம் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தேன். படத்தில் எங்கள் மகள் யாழினி, அவளுடைய மாமன் மகள் பவித்ராவின் பாவாடை தாவணியில், மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே, "உங்கள் மகள் காப்பு கட்டிக்கொண்டாள், நம்ப முடிகிறதா?" என்று எழுதியிருந்தேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் எங்களுடையது. தொழிற்சாலைச் சங்குதான் ஊருக்குக் கடிகாரம். மதிய ஷிப்டு சங்குக்கு அரிசியைக் களைவார்கள். சாயங்காலச் சங்குக்கு மாடு கறக்க உட்காருவார்கள். எந்த ஆலையின் சங்கு எது என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஆகவே நான்கு பத்துக்கு ஊதியபோது யாரும் பயப்படவில்லை. வியப்பு மட்டும் இருந்தது.

"இன்னாடா இது, நாலு மணிக்கே ஷிப்டு உட்டுட்டான்?" என்றார் என் அண்ணன் தாமோதரன், பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்ட இடத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"நாளைக்கு ஆத்தாவுக்குக் கூழு ஊத்துறோம்ல, அதான் சீக்கிரம் அனுப்புறான் போல" என்றார் அண்ணி. "நல்லதாப் போச்சு. ஆம்பளைங்க வந்தா பெரிய அண்டாவ எறக்கச் சொல்லலாம்."

சங்கு நிற்கவில்லை. ஊதியது, விட்டது, மறுபடி ஊதியது. "சுவிட்சு மாட்டிக்கிச்சு டோய்" என்று தெருவில் யாரோ கத்த, நான்கைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாதம் ஒரு முறை அபாயச் சங்கைச் சோதித்துப் பார்க்கும் நாட்டில் பதினெட்டு வருடமாக இருப்பவள் நான். விட்டு விட்டு ஊதும் சங்கு ஷிப்டுச் சங்கு இல்லை என்பது எனக்காவது உறைத்திருக்க வேண்டும். ஊர் மண்ணில் கால் வைத்ததும் என் காது ஊர்க்காதாகிவிட்டது போலிருக்கிறது.

பிறகு ஆடிக்காற்று மேற்கிலிருந்து ஒரு வீசு வீசியது. கண் எரிந்தது. மூக்கில் ஊசி குத்தியது போல இருந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். நான் வேலை செய்யும் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தடித்த கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்துத் திறப்போமே, அந்த அமோனியா.

2

நேற்று மாதத்தின் முதல் திங்கட்கிழமை. இங்கே நெதர்லாந்தில் சரியாக உச்சிப்பொழுதில் எல்லா ஊர்களிலும் அபாயச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சைக்கிளில் போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். நேற்று மட்டும் நான் கையிலிருந்த குடுவையைக் கீழே போட்டேன். உடன் வேலை செய்யும் பெண் ஓடி வந்து கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள். என் டச்சு மொழி அந்த நேரத்தில் என்னைக் கைவிட்டது. "ஊரில் ஒரு சங்கு" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தோளைத் தட்டிக் கொடுத்தாள். அவளிடம் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

இங்கே அரசாங்கம் என்பது எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் சொல்ல வேண்டும். அது கெஞ்சுகிற மாதிரிப் பேசும், இரும்பு மாதிரி நிற்கும். சில வருடங்களுக்கு முன் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போக யாழினிக்கு ஒரு வாரம் லீவு கேட்டேன். பள்ளி மிகுந்த மரியாதையோடு மறுத்தது. விடுமுறை தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னால் பிள்ளையைக் கூட்டிப் போனாலும் அபராதம். போனில் சொன்னபோது அண்ணன் கேட்டார்: "பொண்ணு உன்னுதா, கவுர்மென்ட்டுதா?"

அந்தக் கேள்விக்கு அப்போது சிரித்துவிட்டேன். யாழினிக்குப் பதினாறு முடிந்த பிறகு ஒரு நாள் வயிற்று வலி என்று டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்து, "அம்மா உள்ளே இருக்கலாமா?" என்று கேட்டார். யாழினி கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெளியே இருக்கட்டும்" என்றாள். சட்டப்படி அவள் உடம்பு அவள் முடிவு. நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெற்றவளை வெளியே உட்கார வைக்கும் சட்டம் என்ன சட்டம் என்று கோபம் வந்தது. உள்ளே அவள் யாருக்கும் பயப்படாமல் பேசுகிறாள் என்பதில் ஒரு ஓரமாகப் பெருமையும் இருந்தது. நான் பதினாறு வயதில் டாக்டரிடம் வாயைத் திறந்ததில்லை. என் வலியை என் அம்மாதான் சொன்னாள், அதுவும் பாதியைத் தப்பாக.

பேச்சிலும் நாங்கள் இருவரும் எதிரெதிர். டச்சில் மரியாதைச் சொல் ஒன்றும் நெருக்கச் சொல் ஒன்றும் உண்டு. நான் பயந்துகொண்டு அவளுடைய வகுப்புப் பிள்ளைகளைக்கூட 'நீங்கள்' போட்டு அழைப்பேன். அவர்கள் சிரிப்பார்கள். யாழினி தமிழில் எல்லோருக்கும் 'நீ'. மாமாவுக்கு நீ, பூசாரிக்கு நீ. காப்பு கட்ட வந்த பூசாரியிடம், "நீ இதை எத்தனை வருஷமா பண்றே?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. பூசாரியும் சிரித்து, "நீ பொறக்குறதுக்கு முன்ன இருந்துமே" என்றார்.

3

காப்பு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஒரு வாரம் முன்னால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதுதான் காப்பு. கட்டியவர்கள் அவிழ்க்கும் வரை ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள் அதற்காகவே லீவு சேர்த்து வைப்பார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வெல்டராக இருக்கும் ஒரு தம்பி, லீவு கிடைக்காத வருடத்தில் வேலையையே விட்டுவிட்டுக் காப்புக் கட்டியதாகச் சொன்னார்கள்.

ஆனாலும் ஊருக்குள் ஒரு புரிதல் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போய் வருவார்கள், ஆத்தாவிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டால் சரி. யாழினிக்கு இந்தப் புரிதலை யாரும் சொல்லவில்லை. கயிறு கட்டும்போது பூசாரி வழக்கம்போல, "எல்லைய தாண்ட மாட்டியே?" என்று கேட்டார். அவள், "மாட்டேன்" என்றாள். அவள் வளர்ந்த நாட்டில் பிறந்தநாள் விருந்துக்கே ஒரு மாதம் முன்னால் நாள் குறித்து, அந்த மணிக்கு வந்து நிற்பார்கள். சொன்னால் சொன்னதுதான். அவளுக்குச் சாமி எந்த அளவுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. சொல் உண்டு.

இது ஒன்றையும் நான் யோசிக்கவில்லை. வீட்டில் விளக்கேற்ற வரச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறவள், ஊருக்கு வந்த பத்து நாளில் எங்கள் ஊர்க் கோயிலில் கை நீட்டி நிற்கிறாளே என்று உருகிப்போய்ப் படம் எடுத்தேன்.

4

போலீஸ் ஜீப் தெருவுக்குள் வந்தபோது அண்ணன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கு ஒன்றில் குழாய் வெடித்துவிட்டது, எல்லோரும் உடனே வெளியேற வேண்டும், வேன்கள் தயாராக இருக்கின்றன, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள அரசுப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் தெருத்தெருவாக ஓடி, "துணியை நனைச்சு மூக்குல கட்டுங்க, இந்த கேஸ் தண்ணியில கரையும்" என்று கத்தினேன். என் படிப்பு அன்றைக்குப் பயன்பட்டது அவ்வளவுதான்.

இங்கே என்றால் போனில் ஒரு செய்தி வரும். உள்ளே போ, கதவு சன்னலை மூடு என்று. எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கதவும் முழுதாக மூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும். வெளியேறுவது ஒன்றுதான் வழி.

ஊர் கிட்டத்தட்ட முழுதும் வேனில் ஏறியது. காப்பு கட்டிய முப்பது பேர் மட்டும் அம்மன் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களில் பவித்ராவும் யாழினியும் இருந்தார்கள்.

நான் போனபோது எல்லோரும் முகத்தில் ஈர மஞ்சள் துணி கட்டிக்கொண்டு சுவரோரம் இருந்தார்கள். பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். "யம்மா, கோச்சுக்காத. காப்பு கட்னவங்க எல்லைய தாண்டக் கூடாது. எங்க நைனா காலத்துல ஏரி ஒடஞ்சி இடுப்பளவு தண்ணி நின்னப்பகூடத் தாண்டல."

"தண்ணி வேற, இது வேற" என்றேன்.

காட்டுப்பள்ளி வெல்டர்த் தம்பி குறுக்கே வந்தான். "அக்கா, பேஜாராகாத. அஞ்சு, அஞ்சரைக்குக் கடல் காத்து திரும்பிடும். பொகையெல்லாம் அந்தாண்ட பூடும். தெனைக்கும் பாக்குறது தான?"

"அது மட்டுமில்ல" என்றார் ஒரு அம்மா. "சிப்காட்டு வர்றப்போ ஒரு தபா, அளக்கப் போறோம், ஒதுங்கி நில்லுங்கன்னு சொன்னாங்க. பொதுநன்மைக்குன்னாங்க. ஒதுங்குனோம். திரும்பி வந்து பாத்தா எங்க மாமனாரு நெலத்துல வேலி. இப்போ அந்த வேலிக்குள்ளேருந்துதான் இந்த நாத்தம் வருது."

நான் யாழினி முன்னால் உட்கார்ந்தேன். அவள் கண்கள் சிவந்து நீர் வழிந்தது.

"வா, போலாம்."

"நான் மாட்டேன்னு சொல்லிட்டேன் அம்மா. அவர் கேட்டார், நான் சொன்னேன்."

"அது சும்மா கேக்குறதுடி."

"சும்மான்னா எதுக்குக் கேக்கணும்?"

"பொண்ணு சொல்றது கரீட்டு" என்று யாரோ சொல்ல, அந்த நிலையிலும் சிலர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் டச்சில், தணிந்த குரலில், "என் கையை விடு. உனக்கு அந்த உரிமை இல்லை" என்றாள். அந்த மொழி தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் இரண்டே பேர். ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கையை விட்டேன்.

5

கோயில் வாசலில் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் போனில் யாரிடமோ, "இல்ல சார், இன்னும் முப்பது பேர் இருக்காங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெற்கத்திப் பேச்சு. கூட மூன்று ஆண் காவலர்களும் ஒரு இளம் பெண் காவலரும். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காய்ந்த முகக்கவசத்தை அழுத்திப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தாள்.

நான் இன்ஸ்பெக்டரின் முன்னால் போய் நின்று கத்தினேன். வாழ்க்கையில் அப்படி நான் கத்தியதில்லை.

"ஏன் மேடம் நின்னுட்டு இருக்கீங்க? உள்ள போய் இழுத்துட்டு வாங்க. அதுக்குத்தானே சட்டம்? அதுக்குத்தானே போலீஸ்? என் பொண்ணைத் தூக்கிட்டு வாங்க. நான் அம்மா, நான் சொல்றேன். அடிச்சாலும் பரவாயில்ல!"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினேழு."

"உங்க பொண்ணை நீங்க சொன்னா தூக்கலாம். மத்த இருபத்தொன்பது பேரு? அவங்க அம்மால்லாம் சொல்லிட்டாங்களா?" கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்பதுபோல் இருந்தது. "லத்தியைத் தூக்கினா ஒரே நிமிஷத்துல கோயில் காலி. எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஓடுவாங்க? கண்ணு தெரியாம மேக்கால ஓடினா நேரா கேஸுக்குள்ள போவாங்க. பேசித்தான் கூட்டிட்டு வரணும். அதுவரைக்கும் நானும் இங்கதான் நிப்பேன்."

"செத்துட்டா?"

"அதான் நிக்கிறேன்" என்றார். பிறகு, "ஆனா நீங்க நிக்கக் கூடாது. வண்டில ஏறுங்க."

"நான் என் பொண்ணை விட்டுட்டு வர மாட்டேன்."

"உங்களுக்குக் காப்பு கிடையாதுல்ல? ஏறுங்கம்மா."

"மாட்டேன். எனக்கு உரிமை இருக்கு!"

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். ஒரு நிமிடம் முன்னால் என் மகளை அடித்தாவது இழுத்து வரச் சொன்ன அதே வாயால். இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். அந்த இளம் பெண் காவலர் என் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் வேன் படியில் ஏற்றினாள். "கோச்சுக்காதீங்கம்மா. உள்ள நாங்க பாத்துக்கறோம்" என்றாள். சொல்லி முடிக்கும் முன்னே இருமல் வந்துவிட்டது. கதவைச் சாத்தினார்கள். கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். வேன் எல்லைக் கல்லைத் தாண்டிப் போனது.

6

பள்ளி வகுப்பறையில் சிறு பிள்ளைகளின் பெஞ்சில் அண்ணனும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஓட்டி வந்த மாடுகளை வெளியே வேலியில் கட்டியிருந்தார். அண்ணி ஒரு மூலையில் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பவித்ராவுக்குப் போன் போகவில்லை. யாழினியின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

"அண்ணா, உனக்குப் பயமே இல்லையா? பவித்ராவும் உள்ளதானே இருக்கா?"

"பயம் இல்லாம இருக்குமா?"

"அப்புறம் ஏன் நீ ஒரு வார்த்தை கேக்கல போலீஸ்கிட்ட?"

அவர் விரல்களில் மோட்டார் கிரீஸ் இன்னும் இருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே பேசினார். "கொரோனா டைம்ல வயலுக்குத் தண்ணி கட்டப் போனேன். பயிரு காயுதுன்னு சொல்றேன், கேக்கல. நடு ரோட்ல நிக்க வெச்சி தோப்புக்கரணம் போட வெச்சான் ஒருத்தன். என் புள்ள வயசு இருக்கும் அவனுக்கு. அவன் சொன்னதும் ஜனங்க நல்லதுக்குத்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா, இழுத்துக்கினு வான்னு என் வாயால சொன்னா, நாளைக்கு அதே கை என்ன இழுக்கும்போது நான் இன்னா பேசறது?"

"உயிர் போனா பேசறதுக்கு யார் இருப்பா?"

"அதுவும் கரெக்ட்தான்" என்றார்.

அண்ணன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தோன்றியது. அது ஆறுதலாக இல்லை. கொரோனா காலத்தில் இங்கே ஊரடங்கு போட்டபோது, எங்கள் எதிர்வீட்டுக் கிழவர் ஹென்க் தினமும் நகராட்சி வாசலில் 'என் மாலைப்பொழுது என்னுடையது' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஊரடங்கு நேரம் நெருங்கியதும் அட்டையை மடித்து சைக்கிளில் வைத்துக்கொண்டு, நேரத்துக்கு வீட்டுக்குள் போய்விடுவார். அடங்கியபடியே எதிர்க்கும் அந்த மனிதரைப் பார்த்து நானும் கணவரும் சிரித்திருக்கிறோம். என்ன நாடகம் இது என்று. அவரால் அப்படி முடிந்தது, சொன்ன நேரத்துக்குத் தளர்த்துவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்ததால்தான். மாமனார் நிலத்தில் வேலியைப் பார்த்த அந்த அம்மாவை ஒதுங்கி நில்லுங்கள் என்றால் எதை நம்பி ஒதுங்குவார்? பயம் மட்டும் போதாது போலிருக்கிறது ஒருவர் கீழ்ப்படிய. முன்பு ஒரு முறையாவது சொன்ன சொல் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் இப்போது மேசை முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அன்றைக்கு மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அமோனியா ஈரமான இடத்தைத் தேடிப் போகும். கண், தொண்டை, நுரையீரல். பரிசோதனைக் கூடத்தில் புதியவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

7

வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது வேன் ஒன்று வந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். முதலில் இறங்கியது பூசாரி. தலையில் வேப்பிலை சுற்றிய கரகம். இறங்கியதும், "ஆத்தா வந்துட்டா, எடம் உடுங்க" என்றார். பின்னாலேயே வெல்டர்த் தம்பி, அந்த அம்மா, பவித்ரா, மற்றவர்கள். கயிறுகள் எல்லார் கையிலும் அப்படியே இருந்தன. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, யாழினி இல்லை என்பது தெரிந்தது.

"யாழினி எங்கடி?" என்று பவித்ராவின் தோளைப் பிடித்தேன்.

"அத்த, அவ நல்லாத்தான் கீறா. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. அவளுக்கு இல்ல அத்த, அந்தப் போலீஸ் அக்காவுக்கு."

மூச்சு வாங்க அவள் சொன்னது இது. நான் வந்த பிறகு இன்ஸ்பெக்டர் தொப்பியையும் பூட்சையும் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். உங்களை விட்டுவிட்டு நாங்கள் போக முடியாது, அது எங்களுக்கு விதி, நீங்கள் இருக்கும்வரை இவர்களும் இருக்க வேண்டும் என்று காவலர்களைக் காட்டியிருக்கிறார். யாரும் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இளம் பெண் காவலர் வாசற்படியில் சரிந்துவிட்டாள். அவளுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டாம். ஆம்புலன்ஸ் உள்ளே வர மறுத்து எல்லைக் கல்லுக்கு வெளியே நின்றிருந்தது.

"யாழினிதான் மொதல்ல எழுந்துச்சு. ஒரு பக்கம் இவ, ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர் அம்மா, தோள்ல போட்டுக்கினு நடந்தாங்க. நாங்கல்லாம் பின்னாடியே ஓடறோம். கல்லுகிட்ட போனதும் இன்ஸ்பெக்டர் அம்மா நின்னுட்டாங்க அத்த. 'நீ இதோட விட்டுடும்மா, உனக்குக் காப்பு இருக்கு, நான் பாத்துக்கறேன்'னாங்க. இவ கைய உடல. நடந்துக்கினே போயிட்டா. ஆம்புலன்ஸ்ல ஏறிக் குந்திக்கினா."

பூசாரி கரகத்தை இறக்கி மேசைமேல் வைத்தபடி மீதியைச் சொன்னார். "புள்ள போயிட்ச்சி. அப்பறம் ஆத்தா மட்டும் இன்னாத்துக்கு அங்க குந்திக்கினு இருக்கணும்? கரகத்தத் தூக்கிட்டேன். ஆத்தா எங்க கீறாளோ அதான எல்லை?"

"அத அப்பவே தூக்கியிருக்கலாம்ல நைனா?" என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அப்போ தோணலியேப்பா."

வெல்டர்த் தம்பி, தான் சொன்னபடியே கடல் காற்று திரும்பிவிட்டது, அரை மணி பொறுத்திருந்தால் போதும் என்றான். அந்த அரை மணிக்குள்தான் அந்தப் பெண் விழுந்தாள் என்றார் அண்ணி. இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். கசிவை அடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. யாரும் சாகவில்லை. ஊர் மெல்லப் பேச்சுக்கும் சிரிப்புக்கும் திரும்பிக்கொண்டிருந்தது. நான் மட்டும் பள்ளி வாசலிலேயே நின்றேன்.

கடைசியாக ஜீப் வந்தது. முன்னால் இன்ஸ்பெக்டர், வெறும் காலோடு. பின்னால் யாழினி. தாவணி முழுக்கப் புழுதி. இன்ஸ்பெக்டர் இறங்கி என்னை அடையாளம் கண்டு, "இந்தாங்கம்மா உங்க பொண்ணு. நான் இழுக்கல" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

யாழினி என் முன்னால் நின்றாள். கட்டிப்பிடிக்கக் கை நீண்டது. பாதியில் நின்றுவிட்டது.

"அக்காவுக்கு ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. சரியாயிடும்னு டாக்டர் சொன்னார்" என்றாள். பிறகு படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நீ கத்தினது உள்ள கேட்டுச்சு. என்னைத் தூக்கிட்டு வாங்கன்னு. அடிச்சாலும் பரவாயில்லன்னு."

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"அடுத்த தடவை போலீஸ்கிட்ட கேக்காதே. என்கிட்ட கேளு."

"கேட்டா வந்துடுவியா?"

அவள் நேர்மையாகவே யோசித்தாள்.

"தெரியல" என்றாள். "ஆனா கேளு."